உண்மை அட்டவணையில் குழப்பமா?

கேள்வி: பி.ஏ. தத்துவம் முதலாண்டு படிக்கிறேன். தர்க்கவியல் தாளில் உண்மை அட்டவணை போட்டாலே குழம்புகிறது. மனப்பாடம் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே மாட்டிக்கொள்வீர்கள். தனிக்கூற்று ஒவ்வொன்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக எழுதி, முழுக்கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று பார்ப்பதே உண்மை அட்டவணை. தனிக்கூற்றுகள் இரண்டென்றால் 4 வரிசை, மூன்றென்றால் 8. எட்டு வரிசைக்கு முதல் பத்தியில் (மேலிருந்து கீழாக) 4 மெய், 4 பொய், அடுத்ததில் இரண்டிரண்டாக, மூன்றாவதில் ஒன்றுவிட்டு ஒன்று. இப்படி நிரப்பினால் எந்த வரிசையும் விடுபடாது.

பெரும்பாலோர் சறுக்குவது 'என்றால்' கூற்றில்தான். 'மழை பெய்தால் தரை நனையும்' என்பதில் மழை பெய்வது முன்கூறு, தரை நனைவது பின்கூறு. முன்கூறு மெய், பின்கூறு பொய் என்றால் மட்டுமே அது பொய். முன்கூறு பொய்யானால் முழுக்கூற்றும் மெய். அன்றாடப் பேச்சுக்கு இது ஒவ்வாது. கை தவறுவது அதனால்தான்.

ஒரு வாதம் செல்லுமா என்று சோதிக்கவும் அட்டவணை உதவும். உதாரணமாக: 'மழை பெய்தால் தரை நனையும், தரை நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது.' முன்கூறு பொய், பின்கூறு மெய் என்ற வரிசையைப் பாருங்கள்: ஆதாரங்கள் இரண்டும் மெய், முடிவோ பொய். (தண்ணீர் லாரி ஒழுகியிருக்கலாமே!) அப்படி ஒரு வரிசை அகப்பட்டாலே வாதம் செல்லாது; மற்றவற்றைப் பார்க்கத் தேவையில்லை.

இந்தியத் தர்க்கமும் பாடத்தில் உண்டென்றால், மணிமேகலை 29ஆம் காதையைப் புரட்டுங்கள். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதைப் பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்ற வாதத்தின் ஐந்து உறுப்புகளும், 'மலையில் புகை இருப்பதால் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல' என்ற உதாரணத்தோடு தமிழிலேயே கிடைக்கும்.