எந்த ஊரில் யார் கேட்கிறார்கள்? மலையகக் கலைஞர்களுக்கான கேள்வி பதில்

சொந்தமாகப் பாட்டு எழுதி, கைக்காசைப் போட்டுப் பதிவு செய்து வெளியிடும் நம் பிள்ளைகள், ரசிகர்களை ஊர் ஊராகப் பட்டியல் போட்டு நிகழ்ச்சிக்கு அழைப்பது பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஹட்டனில் ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சி ஏற்பாடுகளையும் ரசிகர் பட்டியலையும் பல வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தலவாக்கலை, ராப் பாடும் தம்பி: அக்கா, யூடியூபில் என் பாட்டை நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஊரில் நிகழ்ச்சி வைத்தால் கூட்டாளிமார் மட்டும்தான் வருகிறார்கள். பார்க்கிறவர்கள் எந்த ஊர் என்று யூடியூபே காட்டாதா?

நாட்டைக் காட்டும். யூடியூப் ஸ்டூடியோவில் விரிவான பார்வைக்குப் போனால் நகரம் வரைக்கும் காட்டும். ஸ்பொட்டிபையும் கலைஞர்களுக்கான பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் நகரங்களைச் சொல்லும். ஆனால் அதை நம்பி மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிடாதீர்கள் தம்பி. இந்தத் தளங்கள் ஊரைக் கணிப்பது பெரும்பாலும் இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்துத்தான். மொபைல் டேட்டாவில் அந்தக் கணிப்பு அடிக்கடி பிசகும். டயகமவில் கொழுந்து பறித்துவிட்டு வந்து லயத்தில் உட்கார்ந்து உங்கள் பாட்டைக் கேட்கிற பிள்ளை, கணக்கில் கொழும்பு ரசிகையாக நிற்கக்கூடும்.

சரியாகவே காட்டினாலும் கிடைப்பது எண்ணிக்கைதான், ஆள் இல்லை. “வருகிற ஞாயிறு உங்கள் டவுனுக்கு வருகிறோம்” என்று சொல்ல அவருடைய நம்பர் வேண்டும். அதை அவரிடமே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

பண்டாரவளை, இசைக்குழு: சரி அக்கா, கேட்கிறோம். என்னென்ன கேட்பது? முகவரி, தபால் குறியீடு எல்லாம் வேண்டுமா?

தபால் குறியீடு வேண்டாம். தோட்டத்து ஒபிஸ் வழியாகக் கடிதம் வாங்கியே பழகியவர்களிடம் அதைக் கேட்டால், பாதிப் பேர் படிவத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் கேட்பது பெயர், வட்ஸ்அப் நம்பர், சொந்த ஊர், இப்போது இருக்கும் ஊர். கடைசி இரண்டையும் கட்டாயம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு ரசிகருக்கு ஒரு ஊர் என்று வைத்துத்தான் வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. வீடு மஸ்கெலியாவில், வேலை புறக்கோட்டைக் கடையில். வீடு பொகவந்தலாவையில், வேலை கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில். தீபாவளி, பொங்கல், தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார்கள். ஒரே ஊரை மட்டும் எழுதி வைத்தால், அவர் கொழும்பில் இருக்கிற நாளில் மஸ்கெலியா நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவீர்கள், தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கும்போது வத்தளை நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவீர்கள். ரெண்டு ஊரும் கையில் இருந்தால் தீபாவளி வாரத்தில் சொந்த ஊரைப் பார்த்து அனுப்பலாம், மற்ற நாளில் இருக்கும் ஊரைப் பார்த்து அனுப்பலாம். எங்கள் பட்டியலில் “எப்போது ஊருக்கு வருவார்” என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். அதில் “தீபாவளி, திருவிழா” என்றோ “மாதக் கடைசி” என்றோ இருக்கும். எனக்கு அதிகம் உதவுவது அந்தக் கட்டம்தான்.

அடுத்தது ஊர்ப் பெயர். கூகுள் படிவத்தில் ஊரை ஆளாளுக்கு எழுத விட்டால் ஒருவர் ஹட்டன் என்பார், ஒருவர் அட்டன் என்பார், இன்னொருவர் ஹற்றன் என்பார், மற்றவர் ஆங்கிலத்தில் அடிப்பார். கணினிக்கு அது நான்கு ஊர். அதனால் பெயர்களை நீங்களே வரிசையாகக் கொடுத்து ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

எந்த ஊர்களை அதில் போடுவது என்று குழம்ப வேண்டாம். தோட்டங்களுக்குக் காகிதத்தில் ஒரு பெயர், சனங்களின் வாயில் ஒரு பெயர், அதற்குள்ளே டிவிசன்கள் வேறு. அவ்வளவையும் பட்டியல் போட முடியாது. “சாமான் வாங்க எந்த டவுனுக்குப் போவீர்கள்?” என்று கேளுங்கள். அந்த டவுனுக்குத்தான் அவருக்கு பஸ் இருக்கிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற டவுனுக்கு அவர் வீட்டிலிருந்து பாதையே இல்லாமல் இருக்கலாம். நடுவில் ஒரு மலையோ நீர்த்தேக்கமோ நிற்கும். தோட்டப் பெயரையும் டிவிசனையும் விருப்பமானவர்கள் எழுத ஒரு கட்டம் விடுங்கள், அது போதும்.

நானுஓயா, பாடகி: அக்கா, வட்ஸ்அப் குரூப் தொடங்கலாமா, சனல் தொடங்கலாமா? எது நல்லது?

குரூப் வேண்டாம் தங்கச்சி. 1024 பேரைச் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். உங்கள் பாட்டைப் பிடித்து வந்து சேர்ந்த ஒரு பிள்ளைக்கு, அதே இரவு முன்பின் தெரியாத ஒருவனிடமிருந்து “ஹாய்” வரும். அவள் விலகிவிடுவாள், அதன்பின் உங்கள் நிகழ்ச்சிக்கும் வரமாட்டாள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

புரோட்காஸ்ட் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை போடலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போய்ச் சேரும், மற்றவர் நம்பர் தெரியாது. ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் நம்பரை அவர் தன் போனில் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போகாது. அதனால் நிகழ்ச்சியின் நடுவில், கூட்டம் நல்ல உற்சாகத்தில் இருக்கும்போது, நம்பரைச் சொல்லிச் சேமிக்கச் சொல்லுங்கள். கையோடு ஊர்ப் பெயரை மட்டும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சேமித்ததும் ஆயிற்று, ஊர் தெரிந்ததும் ஆயிற்று. வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் லேபிள் போடும் வசதி இருக்கிறது. ஒரு டவுனுக்கு ஒரு லேபிள் என்று வைத்தால் 20 டவுன் வரை பிரிக்கலாம். நம் வேலைக்கு அது தாராளம்.

சனலில் பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது, அது நல்லது. ஆனால் ஊர் ஊராகப் பிரித்து அனுப்ப முடியாது. புதுப் பாட்டு வந்தால் சனலில் போடுங்கள். நிகழ்ச்சி என்றால் அந்த ஊர்ப் பட்டியலுக்கு அனுப்புங்கள்.

ராகலை, கிட்டார் வாசிப்பவர்: பேண்ட்ஸ்இன்டவுன், சோங்கிக் போன்ற செயலிகள் இதற்கென்றே இருக்கின்றனவே?

இருக்கின்றன. ஒரு கலைஞரைப் பின்தொடர்ந்தால், அவர் நம் ஊர்ப் பக்கம் வரும்போது தானாகவே தகவல் வரும். நல்ல யோசனைதான். ஆனால் ரசிகரின் போனிலும் அந்தச் செயலி இருந்தால்தானே பயன்? நம் தோட்டங்களில் வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும்தான் ஓடுகின்றன. கனடா, லண்டன் பக்கம் நிகழ்ச்சி அமைந்தால் அப்போது பார்க்கலாம்.

பசறை, தப்பு மேளக் குழுவை நடத்தும் பெரியவர்: மகள், எங்களுக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் வயசானவர்கள். போனில் செய்தி பார்க்கமாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் சிக்னலும் சரியில்லை. இதெல்லாம் எங்களுக்கு உதவுமா?

உதவும் ஐயா. உங்களுக்குத் தேவை ஒரு கொப்பியும் தோட்டத்துக்கு ஓர் ஆளும். ஆட்டம் முடிந்ததும் ஒரு பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்துப் பெயரையும் டிவிசனையும் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் கமிட்டியிலோ இளைஞர் மன்றத்திலோ ஆர்வமான ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு ஒரு அழைப்பு எடுத்தால், காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்திலேயே விஷயம் எல்லோர் காதுக்கும் போய்விடும். காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் இத்தனை தலைமுறையாக அப்படித்தான் ஆள் சேர்த்தன. நான் லேபிள் போட்டுச் செய்வதை நீங்கள் மனதிலேயே செய்துகொண்டிருக்கிறீர்கள். அதைக் கொப்பியில் ஏற்றி வைத்தால் குழுவின் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கும், அதற்காகவாவது எழுதுங்கள் ஐயா.

பதுளை, இசைக்குழு: பட்டியல் இருக்கிறது. எந்த ஊருக்கு எந்த மாதம் போவது என்றுதான் தெரியவில்லை.

மழையைப் பார்த்துப் போங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், வெளியில் மேடை போடவே முடியாது. அதே ஜூன், ஜூலை, ஓகஸ்டில் உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். பண்டாரவளை, பசறை, வெலிமடை எல்லாம் அப்போது வையுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு ஊவாவில் மழை. ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் வெயிலும் குளிருமாக இருக்கும், அப்போது ஹட்டன் பக்கம் வாருங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன். கூட்டம் நிறைய இருக்கும், ஆனால் தங்க இடம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறிவிடும்.

தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். டிக்கெட் நிகழ்ச்சி என்றால் அதற்கு அடுத்த ஞாயிறுதான் சரி. பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடித்துவிடுங்கள். இருட்டினால் தோட்டத்துப் பாதைகளில் பஸ் கிடைக்காது, வீட்டில் பெண் பிள்ளைகளை அனுப்பவும் மாட்டார்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கொட்டகலை, பாடலாசிரியர்: கூடலூர், கோத்தகிரியிலிருந்தும் செய்தி வருகிறது அக்கா. அவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

தனிப் பட்டியல் போடுங்கள். 1964இல் இந்தியாவோடு செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடமும் இங்கே பூர்வீகத் தோட்டம் எது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்டு வரும்போது முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள், எவ்வளவு பேர் பதில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், இரவு 8 மணிக்கு நேரலை வைத்தால் இரு பக்கமும் வசதி.

பெயர் வேண்டாம் என்று கேட்ட ஒருவர்: தேர்தல் நேரத்தில் ஒருவர் எங்கள் ரசிகர் பட்டியலைக் கேட்டார். நல்ல தொகை தருவதாகச் சொன்னார். குழுவில் காசுத் தட்டுப்பாடு. கொடுத்தால் என்ன?

கொடுக்காதீர்கள். யாருக்கும், எந்தத் தொகைக்கும் வேண்டாம். பாட்டைப் பற்றிச் சொல்வீர்கள் என்று நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் நம்பர் தந்தார்கள். எந்த வீடு எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் என்பதுவரை உங்கள் கையில் இருக்கிறது. அது தவறான கைக்குப் போனால் யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நோக்கத்துக்காக வாங்கிய விவரத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்றும்கூட. காசு வேண்டுமென்றால் அந்தப் பட்டியலையே கூப்பிட்டு ஒரு நிகழ்ச்சி வையுங்கள், வருவார்கள்.

மாத்தளை, பாடகர்: எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தி அனுப்பலாம்?

சொல்ல விஷயம் இருக்கும்போது மட்டும். அவர் ஊருக்கு வருகிறீர்கள் என்றால் 10 நாள் முன்னால் ஒன்று, நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை இன்னொன்று. அவ்வளவுதான். காலை வணக்கம், பூப்படம், பொன்மொழி எல்லாம் வேண்டாம். யாராவது “நிறுத்துங்கள்” என்றால் அன்றைக்கே எடுத்துவிட்டு, எடுத்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள். அப்புறம், நிகழ்ச்சி முடிந்த மறுநாள், வந்தவர்களின் பெயருக்கு நேரே திகதியைக் குறித்து வையுங்கள். அதே டவுனுக்கு அடுத்த முறை போகும்போது முதல் அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.