முழுக்குடமும் நிறைகுடமும்

அன்புள்ள ஐயா,

மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். முழுமை, நிறைவு, பூரணம் மூன்றும் ஒன்றுதானே? பூரணம் வடசொல் என்பதால் விலக்கலாமா? 'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருவரும் வரவில்லை என்று பொருளா? சென்ற வாரம் ஒரு நூலின் மொழிபெயர்ப்பு முழுமையாக நிறைவடைந்தது. அப்போது வந்த குழப்பம் இது. நாற்பது வயதாகியும் வாழ்க்கை முழுமை அடையவில்லை என்று தோன்றுவதாலோ என்னவோ, இந்தச் சொற்கள் உறுத்துகின்றன.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'எல்லாரும்' என்பதில் வரும் 'உம்' முற்றும்மை, ஒன்றையும் விடாமல் குறிப்பது. அது சில இடங்களில் எச்சமாகும், அதாவது கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்று இலக்கண நூலான நன்னூலே சொல்கிறது. 'எல்லாரும் வரவில்லை' என்றால் சிலர் வந்தார்கள். ஒருவரும் வராவிட்டால் 'யாரும் வரவில்லை' என்று எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் மூன்றும் ஒன்றுதானே என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா?

ஏழாம் வகுப்புக் கட்டுரையில் 'பானை முழுமையாக இருந்தது' என்று எழுதினேன். தண்ணீர் ததும்ப இருந்தது என்று சொல்ல நினைப்பு. தமிழாசிரியர் வகுப்பு மூலையில் இருந்த மண்பானையைத் தூக்கி, தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு, என் கையில் கொடுத்தார். ஈர மண்ணின் சில்லிப்பு உள்ளங்கையில் ஏறியது.

"உடைஞ்சிருக்காடா?"

"இல்லீங்கய்யா."

"அப்ப முழுசாத்தானே இருக்கு. தண்ணி இருக்கா?"

நிரப்பிக்கொண்டு வர என்னையே அனுப்பினார். அந்தக் கனத்தோடு திரும்பி வந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

முழுமைக்கு எதிர் உடைசல், துண்டு, அரை. நிறைவுக்கு எதிர் குறைவு. நிறைகுடம் தளும்பாது என்கிறோம். முழுக்குடம் தளும்பாது என்று எவரும் சொல்வதில்லை. முழுக்குடம் வெறுங்குடமாகவும் இருக்கலாமே. 'நிறைநீர நீரவர் கேண்மை' என்கிறது குறள் 782. அறிவுடையார் நட்பு பிறை வளர்வதுபோல நாளுக்கு நாள் நிறைகிறது. பிறையன்றும் நிலா துண்டுபட்டுக் கிடப்பதில்லை, வெளிச்சம்தான் நிறையவில்லை. முழுநிலா என்றும் சொல்கிறோமே என்பீர்கள். கண்ணுக்கு வட்டம் முழுசாகத் தெரிகிறது, அதனால் சொல்கிறோம்.

பூரணமும் நிரப்புதல் என்ற வேரில் வந்ததுதான். 'பூரண மதுவிலக்கு' என்று எழுதி அதை 'முழு'வின் வேலைக்கு அனுப்பிவிட்டோம். விலக்க வேண்டாம், இடமறிந்து வையுங்கள்.

என்னை எரிச்சலூட்டியது உங்கள் 'முழுமையாக நிறைவடைந்தது'. பாதியில் கலைந்த கூட்டமும் செய்தியில் 'நிறைவடைந்தது'. கடைசித் தேதி போனால் விண்ணப்பம் 'நிறைவு'. முடிந்தது என்ற நல்ல சொல்லுக்கு என்ன குறை? முடிவதெல்லாம் நிறைவதில்லை. இப்படிக் கண்ட இடத்தில் செலவழித்துவிட்டதால் நிறைவில் கனம் போய்விட்டது. அதற்கு முட்டுக்கொடுக்க 'முழுமையாக' வேறு! சொல்லை வைத்தே பிழைக்கும் நீங்களும் இதைச் செய்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? மொழிபெயர்ப்பு முடிந்தது என்று எழுதுங்கள். அது நிறைந்ததா என்று வாசகர் சொல்லட்டும்.

வாழ்க்கையைப் பற்றி எழுதிய வரியிலும் சொல்லை மாற்றிப் போட்டுவிட்டீர்கள். உடைந்தது எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை, தம்பி. நிறையவில்லை என்றால் எது நிறையவில்லை என்று எழுதுங்கள். அதைத் தனியாகப் பேசுவோம்.