மூன்றாவது கார் யாருக்கு? ராலி பற்றிய கேள்வி பதில்

கல்லடியில் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முந்தி பல வருடம் தோஹாவில் வேலை. அங்கே ஒரு ராலி காருக்கு சேர்விஸ் பார்த்த கூட்டத்தில் நானும் நின்றேன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. ராலி பார்க்கிற நம்முடைய ஆட்கள் கேட்டனுப்பியவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

காத்தான்குடியிலிருந்து: அண்ணன், உலக ராலியில் ஓடுகிற பிரான்ஸ்காரர் ஓஜியே 2025இல் மூன்று போட்டிகளுக்குப் போகவேயில்லை. அப்படியிருந்தும் எப்படி சாம்பியன் ஆனார்?

தம்பி, இதை விளங்க வேண்டுமென்றால் படுவான்கரைப் பக்கம் ஒருமுறை போய் வாருங்கள். ஆயித்தியமலையிலிருந்து உன்னிச்சைக்குப் போகிற பக்கத்தில் கிறவல் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். மழை இல்லாத மாதத்தில் மேலே உருண்டைக் கல் பரவிக் கிடக்கும். விடியற்காலை முதலாவதாகப் போகிற மோட்டார் சைக்கிள் வழுக்கி வழுக்கித்தான் போகும். நாலைந்து வண்டிகள் போன பிறகு கல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் இறுகின மண் தெரியும். அதில் பிரேக் பிடித்தால் நிற்கும்.

உலக ராலியிலும் இதே கதைதான். அங்கே கார்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்படுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், குறைந்த நேரம் எடுத்தவர் வெல்வார். முதல் நாள் புள்ளிப் பட்டியலில் முதலில் இருப்பவர் முதலில் போக வேண்டும். கிறவல் போட்டியில் அவருடைய வேலை மற்றவர்களுக்கு ரோட்டைக் கூட்டிக் கொடுப்பது. சில போட்டிகளை விட்டுவிட்டு வருகிறவருக்குப் புள்ளி குறைவாக இருக்கும். அதனால் அவர் பின்னால் புறப்படுவார், கூட்டின ரோட்டில் ஓடுவார். ஓஜியே சுவீடன், கென்யா, எஸ்தோனியா மூன்றையும் விட்டார். ஓடிய 11இல் 6 வென்றார். இரண்டாவதாக வந்த எல்ஃபின் எவன்ஸை விட 4 புள்ளிதான் கூட. அது அவருக்கு 9ஆவது பட்டம்.

எல்லாம் ரோட்டின் உதவி என்று சொல்லிவிடாதீர்கள். மொன்டே கார்லோவில் தார், பனி, பனிக்கட்டி எல்லாம் கலந்து வரும், அங்கே கிறவல் கூட்டுகிற கதையே இல்லை. அதையும் அவர்தான் வென்றார். ஆனால் 41 வயதில் குடும்பத்தோடும் இருந்துகொண்டு பட்டமும் எடுக்கலாம் என்று காட்டியதில், அந்தப் பின்வரிசை இடத்துக்கும் பங்கு உண்டு.

களுவாஞ்சிகுடியிலிருந்து: ஹூண்டாய் 2026க்கு நேவிலையும் ஃபூர்மோவையும் முழு வருடத்துக்கு எடுத்துவிட்டு, மூன்றாவது காருக்கு மட்டும் சொர்டோ, லப்பி, பாடன் என்று மூன்று பேரைப் போட்டிருக்கிறது. ஒருவரையே வைத்திருந்தால் என்ன?

சாரதிக்கு ஒரு பட்டம், கார் கம்பனிக்கு ஒரு பட்டம் என்று இரண்டு உண்டு. கம்பனிப் பட்டத்துக்கு மூன்று காரைப் பதியலாம், அதில் முன்னுக்கு வரும் இரண்டின் புள்ளிதான் சேரும். அதாவது மூன்றாவது கார் ஒரு காப்பு. முன்னால் போகிற இருவரில் ஒருவர் மரத்தில் மோதினால் பின்னால் வருகிறவர் புள்ளியைக் காப்பாற்ற வேண்டும். அந்த வேலைக்கு வேகத்தை விட நிதானம் தேவை. வயது போன சாரதிகளுக்குக் கதவு திறந்திருப்பது இந்த இடத்தில்தான்.

2024இல் ஹூண்டாய் கம்பனிப் பட்டத்தை டொயோட்டாவிடம் வெறும் 3 புள்ளியில் விட்டது. ஒரு போட்டியில் மூன்றாவது கார் ஓர் இடம் முன்னுக்கு வந்திருந்தால் கணக்கே மாறியிருக்கலாம். அதனால் ரோட்டுக்கு ஏற்ற ஆளைப் போடுகிறார்கள். சொர்டோ தார் ரோட்டில் கைதேர்ந்தவர். லப்பி பின்லாந்துக்காரர், 2024இல் சுவீடன் பனியில் வென்றவர். பாடன் 2016இல் ஆர்ஜன்டீனாக் கிறவலில் ஓஜியேயைத் தோற்கடித்தவர்.

பாடனுடைய கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2018க்குப் பிறகு அவருக்கு முன்வரிசைக் கார் கிடைக்கவில்லை. சோர்ந்து உட்காரவில்லை. நியூசிலாந்தில் சொந்தமாகக் கார் கட்டினார், பிறகு ஐரோப்பாவுக்குப் போய் 2023, 2024 இரண்டு வருடமும் ஐரோப்பிய ராலிப் பட்டத்தை எடுத்தார். 38 வயதில் திரும்பவும் கூப்பிட்டார்கள். வேகம் குறைந்ததால் அவர் வெளியில் நிற்கவில்லை, சீட் இல்லாததால் நின்றார். ராலியில் பெரும்பாலானவர்களின் கதை இதுதான்.

வாழைச்சேனையிலிருந்து: டொயோட்டாவில் ஓடிய ரோவன்பெரா ஏன் விட்டுவிட்டுப் போனார்?

ராலியை விட்டார், ஓட்டத்தை விடவில்லை. ஜப்பானில் சூப்பர் ஃபோர்முலா என்ற சுற்றுப்பாதைப் போட்டிக்குப் போகத்தான் 2025 முடிவில் விலகினார், டொயோட்டாவின் துணையோடுதான். 22 வயதிலேயே உலக சாம்பியன், மொத்தம் இரண்டு பட்டம். இனி வேறு மலை ஏறிப் பார்க்க ஆசை. அவர் விட்ட இடத்தால் இளம் ஒலிவர் சோல்பேர்க்குக்கு முழு நேர சீட் கிடைத்தது.

அக்கரைப்பற்றிலிருந்து: கம்பனிகள் வருவதும் போவதுமாக இருக்கின்றனவே. சாரதியின் நிலைமை என்ன?

கம்பனிக்கு இது விளம்பரச் செலவு. காசு இறுகினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். 2008 டிசம்பரில், உலகப் பொருளாதாரம் விழுந்த நேரம், சுபாருவும் சுசுகியும் ஒரே வாரத்துக்குள் விலகின. வொக்ஸ்வேகன் 2013 முதல் 2016 வரை நாலு வருடமும் பட்டம் எடுத்த கம்பனி. டீசல் புகை மோசடி வெளிவந்த பிறகு 2016 முடிவில் கடையைக் கட்டியது. 2017க்கான புதிய போலோ ராலிக் கார் கட்டி, ஓட்டிப் பார்த்து, தயாராக நின்றது. ஒரு உலகப் போட்டியில்கூட அது ஓடவில்லை. மெக்கானிக்காக அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ராத்திரி பகலாக முறுக்கின ஒவ்வொரு போல்டும் அப்படியே நின்றுவிட்டது.

சீட் இல்லாமல் நின்ற ஓஜியே எம்-ஸ்போர்ட்டுக்குப் போனார். அது இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிற தனியார் குழு, ஃபோர்டின் கார், ஆனால் பெரிய கம்பனிக் குழுக்களின் அளவுக்குக் காசு இல்லை. அங்கே 2017, 2018 இரண்டு பட்டம். பிறகு சிட்ரோயனுக்குப் போனார். 2019 முடிவில் அவர் அங்கிருந்து விலகினார், கம்பனியும் ராலியை விட்டது. நல்ல சாரதி போனால் கம்பனியும் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

செங்கலடியிலிருந்து: நம்முடைய ரோடு முழுக்க லான்சர்தான். மிட்சுபிஷி ஏன் ராலியில் இல்லை?

இருந்தது, அதுவும் ராஜாவாக. டொமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து 4 பட்டம் எடுத்தது லான்சர் எவலூஷனில். கம்பனி 2005 முடிவில் உலக ராலியை விட்டது. ஆனால் 2022இல் ட்ரைட்டன் பிக்கப்பில் ஆசிய குறுக்குநாட்டு ராலியை வென்றது. அதே மாக்கினென்தான் பின்னாளில் 2017இல் டொயோட்டாவைத் திரும்பக் கொண்டுவந்த குழுவுக்குத் தலைவர்.

திருக்கோவிலிலிருந்து: அண்ணன், 45 தாண்டினால் ஒரு சாரதிக்கு என்ன எதிர்காலம்?

2022 மொன்டே கார்லோவை நினைத்துப் பாருங்கள். செபாஸ்டியன் லோப், 47 வயது, 9 பட்டம் எடுத்து ஓய்ந்தவர். ஃபோர்ட் பூமாவில் ஒரு போட்டிக்கு வந்தார். கடைசிக்கு முந்தின ஸ்டேஜில், அதாவது நேரம் பார்த்து ஓடுகிற ரோட்டுத் துண்டில், முன்னால் நின்ற ஓஜியேக்கு டயர் போனது. லோப் 10.5 செக்கனில் வென்றார். அவருடைய 80ஆவது வெற்றி. உலக ராலியில் அந்த வயதில் யாரும் வென்றதில்லை. அதற்கு முன் 1990இல் கென்யா சபாரியை 46 வயதில் வென்ற பியோர்ன் வால்டேகார்டிடம்தான் அந்தச் சாதனை இருந்தது.

இன்னொரு வழி பாலைவனம். பழைய ராலிச் சாரதி கார்லோஸ் சைன்ஸ் 2024இல் டாக்கார் என்ற பாலைவன ராலியை வென்றபோது வயது 61. டாக்காரில் நாளுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். மண்ணின் நிறத்தைப் பார்த்து எங்கே இறுகியிருக்கும், எங்கே புதையும் என்று கண்டுபிடிக்கிறவன்தான் முன்னுக்கு வருவான். கை கொஞ்சம் மெதுவானாலும் கண் பழகியிருந்தால் போதும். கட்டாரின் நாசர் அல் அத்தியாவும் அப்படித்தான். தோஹாவில் அவருடைய பெயரைச் சொன்னால் டீக்கடையில் இருக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் எல்லாரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. எஸ்தோனியாச் சாரதி ஒட் தானக் 38 வயதில் போதும் என்று வீட்டுக்குப் போனார். அதையும் மதிக்க வேண்டும்.

பாண்டிருப்பிலிருந்து: நான் ஏ.எல். கணிதம் படிக்கிறேன். பெண் பிள்ளைகளுக்கு ராலியில் இடம் இருக்கிறதா, அண்ணா?

இருக்கிறது, தங்கச்சி. இப்போது சொன்னேனே, லோப் வென்ற மொன்டே கார்லோ. அன்று பக்கத்தில் இருந்து நோட் வாசித்தவர் இசபெல் கல்மிஷ். தொழில் கணித ஆசிரியை.

அப்படி நோட் வாசிக்கிறவர்தான் கோ-டிரைவர். அவருடைய வேலையை இப்படி யோசித்துப் பாருங்கள். போட்டிக்கு முன் ஸ்டேஜை இரண்டு முறை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சாரதி சொல்வதை அவர் எழுதுவார்: எத்தனை மீட்டர், எந்தப் பக்க வளைவு, எவ்வளவு கூர்மை, எங்கே மதகு, எங்கே கல். போட்டியில் அதைச் சரியான கணத்தில் வாசிக்க வேண்டும். அரைச் செக்கன் பிந்தினால் வளைவு தாண்டிவிடும், முந்தினால் சாரதி மறந்துவிடுவார். அதற்கிடையில் நேரக் கணக்கும் அவர் தலையில்தான்.

பழகிப் பார்க்க ஆசையென்றால் அடுத்த முறை பஸ்ஸில் கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும்போது ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவு வளைவாக எழுதுங்கள். திரும்பிப் போகும்போது எழுதினதைப் பார்த்து, ஒவ்வொரு வளைவு வருவதற்கும் முன்னால் வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். எத்தனை சரியாக வந்தது என்று எனக்கு எழுதியனுப்புங்கள்.