பெற்றோல் ஆவிக் கோளாறு: கேள்வி பதில்

கோண்டாவில்: எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0455. பெற்றோல் தாங்கியைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஆவி எங்கோ பெரிதாகக் கசிகிறது என்பதே அதன் பொருள். முதலில் பெற்றோல் மூடியின் றப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மூடியை மாற்றுங்கள். அது சரியென்றால் பேர்ஜ் வால்வைப் பாருங்கள். தாங்கியில் எழும் ஆவியைக் கரிப்பெட்டி பிடித்துவைக்கும். எஞ்சின் ஓடும்போது இந்த வால்வு திறந்து அதை எஞ்சினுக்குள் விடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு வால்வைக் கழற்றி, தனியே வைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். மின்சாரம் இல்லாதபோது காற்று ஊடுருவக் கூடாது. வாயால் ஊத வேண்டாம். வேலையைத் திறந்த முற்றத்தில் செய்யுங்கள். அருகில் நுளம்புத்திரிகூட எரியக் கூடாது.

மானிப்பாய்: பெற்றோல் அடித்தவுடன் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

பதில்: பெரும்பாலும் அதே வால்வு, மூடாமல் சிக்கியிருக்கும். பம்ப் தானாக நின்ற பிறகும் ஊற்றச் சொல்கிறீர்களா? 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்துப் பழக்கம் அது, விட்டுவிடுங்கள். பெற்றோல் கரிப்பெட்டிக்குள் இறங்கிக் கரியைக் கெடுத்துவிடும்.

சாவகச்சேரி: எனக்கும் பி0455.

பதில்: மேலே இருக்கிறது. மூடி முதலில்.

உரும்பிராய்: என் மொரிஸ் மைனரில் இதை எங்கே தேடுவது?

பதில்: அதில் இந்த அமைப்பே இல்லை ஐயா.

நெல்லியடி: டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரால் கசிவைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. புகையை உள்ளே விட்டு, அது வெளிவரும் இடத்தில் கசிவைக் காட்டும் புகை இயந்திரம் 1 பி.எஸ்.ஐ.க்கும் குறைந்த அழுத்தத்தில் சோதிக்கிறது. கொம்பிரசரில் 100 இருக்கும்.

நெல்லியடி: கொஞ்சமாகத் திறந்துதான் அடிக்கிறேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

உரும்பிராய்: தம்பி சொல்வது சரி. இங்கும் பல கராஜ்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: பலர் செய்வதால் அது பாதுகாப்பாகிவிடாது ஐயா. அடைத்த தாங்கிக்குள் கொஞ்சமாக விட்டாலும் அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காற்றில் பெற்றோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பிடிக்கும். தாங்கிக்குள் வழக்கமாக ஆவி அதைவிட அடர்த்தி, அதனால்தான் எரிவதில்லை. நீங்கள் காற்றை அடித்து, எரியக்கூடிய அளவுக்கு அதை ஐதாக்குகிறீர்கள். கசியும் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து குசினி அடுப்புவரை போகும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

சுன்னாகம்: பி0442, சிறு கசிவு?

பதில்: மூடி சரியென்றால் புகை இயந்திரம் உள்ள இடத்துக்குப் போங்கள்.

கொடிகாமம்: பி0455 வந்தால் என்ன செய்வது?

பதில்: மூடி. றப்பர் வளையம். முதல் பதிலைப் படியுங்கள்.