கொரியாவில் இடது கையை ஒளிக்க வேண்டாம்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது. கார் உதிரிபாகம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. மூன்று மாதப் பயிற்சிக்காக அடுத்த மாதம் தென் கொரியாவின் உல்சான் நகருக்குப் போகிறேன். நான் சைவம், குடிப்பதும் இல்லை. அங்கே வேலை முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்களாம், வராவிட்டால் தப்பாக நினைப்பார்களாம். ஏற்கெனவே போய்வந்த ஒருவர் 'இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே' என்று நீளமாகப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார். தெரியாமல் யாரையாவது அவமதித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்தப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். உல்சானுக்குப் பக்கத்து நகரமான பூசானில் இரண்டு வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கொரியர்களின் மரியாதை முறையில் பாதிக்கு மேல் நாம் வீட்டிலேயே பழகியதுதான். வாசலில் செருப்பைக் கழற்றுவதையும், பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருப்பதையும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் 'சாப்பிட்டாச்சா?' என்று விசாரிப்பது போல அவர்களும் 'பாப் மொகொஸ்ஸோயோ?' என்பார்கள். சிக்கல் வருவது நம் பழக்கம் அங்கே தலைகீழாகும் சில இடங்களில்தான்.

முதலாவது, கை. இடது கையால் கொடுக்காதே, வாங்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் வலது கை மட்டும் முன்னால் போகும், இடது கை தானாக ஒதுங்கிக்கொள்ளும். நான் போன முதல் வாரம், வீட்டுக்கார அம்மா ஒரு பை ஜேஜுத் தீவு ஆரஞ்சு கொண்டுவந்து நீட்டினார். வலது கையால் வாங்கி நன்றி சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடியது. என்ன தப்பு செய்தேன் என்று மறுநாள் தோழி செய்து காட்டிய பிறகுதான் புரிந்தது. இரண்டு கையாலும் வாங்க வேண்டும், அல்லது வலது கையை நீட்டும்போது இடது உள்ளங்கையை வலது முழங்கைக்குக் கீழே தாங்கலாக வைக்க வேண்டும். விசிட்டிங் கார்டு, பணம், தண்ணீர் டம்ளர், கைகுலுக்கல் எல்லாவற்றுக்கும் இதுதான். கண்ணாடி முன்னால் நாலு நாள் பழகுங்கள், வந்துவிடும்.

இரண்டாவது, தலை. 'சரி' என்று நாம் பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பயிற்சியில் 'புரிந்ததா?' என்று கேட்கும்போது மேலும் கீழுமாக ஆட்டி, 'நே' என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். 'நே' என்றால் ஆமாம்.

அறிமுகமானதும் வயதைக் கேட்பார்கள், சங்கடப்படாதீர்கள். யார் மூத்தவர் என்று தெரிந்தால்தான் எந்த மரியாதையில் பேசுவது என்பதே அவர்களுக்குத் தெரியும். நீ, நீங்கள் என்று நாம் பார்த்துப் பேசுவது போலத்தான். பிறந்தவுடன் ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று என்று கணக்கிடும் பழைய முறை அங்கே உண்டு. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி நம்மைப் போன்ற கணக்குதான், ஆனாலும் பேச்சில் பழையது இன்னும் வரும். பிறந்த வருடத்தைச் சொல்லிவிடுங்கள், குழப்பமே இல்லை.

சரி, உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டுச் சாப்பாட்டுக்கு ஹ்வேஷிக் என்று பெயர். முதல் ஹ்வேஷிக்குக்குக் கட்டாயம் போங்கள். குடிப்பதில்லை என்பதை மேசையில் பாட்டில் வந்த பிறகு சொல்லாமல், அன்று காலையிலேயே குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். 'சுல் மோன் மஷ்யோயோ' என்று சொல்ல வேண்டும். 'குடிக்க மாட்டேன்' என்பதைவிட 'என்னால் குடிக்க முடியாது' என்ற பொருள் அதில் இருக்கிறது, யார் மனமும் நோகாது. சைடா என்று கேட்டால் எலுமிச்சை சோடா கிடைக்கும். 'கொன்பே!' என்று எல்லோரும் கோப்பையை உயர்த்தும்போது அதோடு நீங்களும் உயர்த்தலாம். அதன் பிறகும் யாராவது வற்புறுத்தினால் பணிய வேண்டாம். அலுவலகத் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் அங்கே 2019 முதல் இருக்கிறது, ஊழியரைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைப்பது இப்போது சாதாரண விஷயமில்லை.

நீங்கள் குடிக்காவிட்டாலும் ஊற்றிக் கொடுக்கலாம். அங்கே தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இல்லை. யாருடையது காலியாகியிருக்கிறது என்று பார்த்து, பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து ஊற்ற வேண்டும். பாதி இருக்கும்போது ஊற்றக் கூடாது, முழுதாகக் காலியாக வேண்டும். இப்படிச் சொல்லாமலே பார்த்துச் செய்வதை அவர்கள் நுன்ச்சி என்பார்கள். நம் குறிப்பறிதல்தான் அது. மேசையில் மூத்தவர் கரண்டியை எடுக்கும் வரை காத்திருங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிட வேண்டாம். சாப்ஸ்டிக்ஸை சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே வேண்டாம், முன்னோர் படையலில் ஊதுபத்தி ஏற்றியது போல் இருக்கும்.

சைவம்தான் உண்மையில் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். 'கோகி', அதாவது இறைச்சி, இல்லாமல் கொடுங்கள் என்றால் மாட்டையும் பன்றியையும் மட்டும் எடுத்துவிட்டு மீனைப் போடுவார்கள். கிம்ச்சி என்னும் முட்டைக்கோஸ் ஊறுகாயிலேயே பெரும்பாலும் இறால் ஊறுகாயோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். குழம்பு பல நேரம் நெத்திலி கொதிக்க வைத்த தண்ணீர். இறைச்சி, மீன், இறால், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம் என்று ஒரு கொரியத் தோழியிடம் எழுதி வாங்கி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். ஹ்வேஷிக் நாளில் முன்கூட்டியே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து யாங்சானில் உள்ள தொங்தோசா பௌத்த ஆலயத்துக்குப் போய்வாருங்கள். கோயில் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. எனக்கு அங்கே போன நாளெல்லாம் வயிறும் மனசும் நிறைந்தது.

பூசானிலோ தலைநகர் சியோலிலோ மெட்ரோவில் ஏறினால், பெட்டியின் ஓரத்தில் முதியவர்களுக்கென இருக்கும் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். ஃபோனில் சத்தமாகப் பேச வேண்டாம். தங்கும் அறையில் உணவுக் கழிவைத் தனியாகப் பிரித்துப் போட வேண்டும், முதல் நாளே அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹோட்டலில் டிப்ஸ் வேண்டாம்.

அப்புறம், குழுவுக்குக் கொஞ்சம் கடலை மிட்டாய் எடுத்துப்போங்கள், தனித்தனியாகச் சுற்றியதாக. மூத்தவருக்கு முதலில், இரண்டு கையாலும் கொடுங்கள். வாங்கியவர் உங்கள் முன்னால் பிரித்துப் பார்க்கவில்லை என்றால் பிடிக்கவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். கொடுத்தவர் எதிரில் பிரிக்காமல் வைப்பது அங்கே பழைய வழக்கம்.

அன்புடன்,
அக்கா