பார்சிலோனா ஐஎஸ்இ கண்காட்சி: மீட்டிங் அறை பற்றி நீங்கள் கேட்டவை

ஐஎஸ்இ, அதாவது ஒலி, வீடியோ கருவிகளுக்கான இன்டக்ரேட்டட் சிஸ்டம்ஸ் யூரோப் கண்காட்சி, 2025 பிப்ரவரி 4 முதல் 7 வரை பார்சிலோனாவின் ஃபிரா கிரான் வியா வளாகத்தில் நடந்தது. 85,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மீட்டிங் அறைகள் அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், நான்கு நாளும் வீடியோ மீட்டிங் ஸ்டால்களிலேயே சுற்றினேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கவிதா: என்னால் போக முடியவில்லை. முக்கியமாகக் கண்ணில் பட்டது எது?

பதில்: கேமரா சுவரை விட்டு இறங்கி மேசைக்கு வந்திருப்பது. லாஜிடெக்கின் சைட், நீட் நிறுவனத்தின் சென்டர் ஆகிய மேசைக் கேமராக்கள் இரண்டும் 2023லேயே அறிமுகமானவை. இப்போது அந்த வகைக் கருவிகளை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் செய்கின்றன. அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் பேசுவார்கள், டிவியைப் பார்த்து அல்ல. அதனால் டிவிக்குக் கீழே கேமரா இருந்தால், வீட்டிலிருந்து சேர்பவருக்குத் தெரிவதெல்லாம் காதும் பக்கவாட்டு முகமும்தான். மேசை நடுவில் கேமரா இருந்தால் முகம் தெரிகிறது. வெளியே இருப்பவரும் அதே மேசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. யார் பேசுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க இந்தக் கருவிகளில் பலவும் மைக்கையும் நம்பியிருக்கின்றன. அறையில் ஒலி எதிரொலித்தால் பேசாதவர் முகத்துக்குக் கேமரா தாவும். பேச்சுக்குப் பேச்சு தாவிக்கொண்டே இருந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

முருகன்: சார், பட்ஜெட் கம்மி. நல்ல கேமராவா, நல்ல மைக்கா, எதற்குச் செலவு செய்யலாம்?

பதில்: மைக்குக்குத்தான், யோசிக்கவே வேண்டாம். படம் மங்கினால் மீட்டிங் நடக்கும். குரல் உடைந்தால் நடக்காது.

ஆனால் மைக்குக்கும் முன்னால் அறையைப் பாருங்கள். வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். சுவரில் மோதித் திரும்பி வரும் ஒலி அப்படிக் குறைவதில்லை. அதனால்தான் தூரத்தில் இருப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறது. சிறிய, நடுத்தர மீட்டிங் அறைகளில் எதிரொலி அடங்கும் நேரம் 0.4 முதல் 0.6 விநாடிக்குள் இருந்தால் நல்லது. நான்கு பக்கமும் கண்ணாடி, தரையில் டைல்ஸ், வெறும் சீலிங் என்றால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். நடுவில் நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். 'டப்' என்று நின்றால் சரி. 'டங்ங்ங்' என்று இழுத்தால் முதல் செலவு கார்ப்பெட்டும் திரைச்சீலையும் சுவருக்கு ஒலி உறிஞ்சும் பேனலும்.

ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி அறைக்கு இரண்டு முறை கருவியை மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் எந்தக் கருவியையும் மாற்றவில்லை. இரண்டு சுவருக்குப் பேனலும் கண்ணாடிக்குத் திரைச்சீலையும் போட்டோம். மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த அதே பழைய சவுண்ட்பார்தான், ஆனால் மறுமுனையில் இருந்தவர்கள் "புது மைக்கா?" என்று கேட்டார்கள்.

ஷாலினி: ஸ்டாலில் டெமோ கேட்கும்போது எல்லாமே அருமையாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: டெமோ காட்டுபவர் எப்போதும் மைக்குக்கு நேராக, நல்ல தூரத்தில், தெளிவாகப் பேசுவார். உங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அதனால் நீங்கள் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு மறுமுனையில் உட்காருங்கள். உங்களோடு வந்தவரை மூலைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு பேசச் சொல்லுங்கள். பேசும்போதே மேசையைத் தட்டட்டும், பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கட்டும். அப்புறம் மிக முக்கியமானது: நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் குறுக்கே பேச வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு குரல் அமுங்கினால், அந்தக் கருவியின் எக்கோ நீக்கும் முறை, அதாவது ஸ்பீக்கரில் வரும் குரல் மைக்கில் ஏறித் திரும்பிப் போகாமல் தடுக்கும் முறை, பலவீனமானது. இரைச்சலை நீக்குவதாகச் சொல்பவை சில நேரம் மெல்லப் பேசுபவரின் குரலையும் சேர்த்தே நீக்கிவிடும். மெல்லிய குரல் உள்ள ஒருவரை வைத்துக் கட்டாயம் சோதியுங்கள். அந்த மாதிரி ஒருவர் உங்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்.

அருண்: எச்பியும் கூகுளும் சேர்ந்து கொண்டுவந்த முப்பரிமாண மீட்டிங் கருவியைப் பார்த்தீர்களா?

பதில்: அது ஐஎஸ்இயில் அல்ல, 2025 ஜூனில் ஆர்லாண்டோவில் நடந்த இன்ஃபோகாம் கண்காட்சியின்போது அறிவித்தது. எச்பி டைமென்ஷன் என்று பெயர், உள்ளே இருப்பது கூகுள் பீம் என்ற முப்பரிமாண வீடியோ தொழில்நுட்பம். ஆறு கேமராக்கள், 65 அங்குலத் திரை. கண்ணாடி எதுவும் போட்டுக்கொள்ளாமலே எதிரில் இருப்பவர் ஆழத்தோடு தெரிவார். அறிவித்தபோது விலை 24,999 டாலர், மென்பொருள் உரிமம் தனி. அதுவும் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வேண்டும்.

இந்த விலையில் சாதாரண அலுவலகத்துக்கு இது இப்போது தேவையில்லை என்பதே என் கருத்து. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியான பிக்சர்ஃபோனைக் காட்டியபோதும் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். 1970ல் பிட்ஸ்பர்க்கில் மாதம் 160 டாலருக்குச் சேவை தொடங்கியது, சந்தாதாரர்கள் சேரவில்லை. மறுமுனையில் யாரிடமும் அது இல்லை என்பது அதற்கு ஒரு பெரிய காரணம். முப்பரிமாணக் கருவிக்கும் அதே கேள்விதான்: எதிரில் எத்தனை பேரிடம் இருக்கும்? தொழில்நுட்பம் என்று பார்த்தால் வியப்பானதுதான், மறுக்கவில்லை.

பாத்திமா: மீட்டிங்கில் யார் ஆர்வமாக இருக்கிறார், யார் சலிப்பாக இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும் ஏஐ வேண்டும் என்கிறார் எங்கள் மேலாளர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், வேலையிடத்தில் ஒருவரின் உணர்ச்சியை ஏஐ வைத்து ஊகிப்பதைத் தடை செய்கிறது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. அந்தத் தடை 2025 பிப்ரவரி 2ல் நடைமுறைக்கு வந்தது, கண்காட்சி தொடங்குவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னால். உங்கள் அலுவலகம் ஐரோப்பாவில் இல்லாவிட்டாலும், அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் காரணம் எங்கும் பொருந்தும். முகம் சுளித்தவர் சலிப்பில் சுளித்தாரா, பல்வலியில் சுளித்தாரா என்று கேமராவுக்குத் தெரியாது. அந்தத் தவறான கணிப்பு ஒருவருடைய பதவி உயர்வு வரை போகும்.

யார் பேசினார் என்று குரலை வைத்துப் பெயர் போடும் வசதி வேறு விஷயம். குறிப்பு எடுக்க உதவும். ஆனால் அதற்குக் குரல் மாதிரியைப் பதிவு செய்ய வேண்டும், அது கைரேகை மாதிரி. விருப்பமுள்ளவர் மட்டும் பதிவு செய்யட்டும், வேண்டாம் என்றால் அழிக்கவும் வழி இருக்கட்டும்.

ஜெயராஜ்: நாங்கள் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் கலந்துதான் பேசுவோம். ஏஐ மீட்டிங் குறிப்பு எங்களுக்கு உதவுமா?

பதில்: ஆதரிக்கும் மொழிகள் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பேசும் மொழி ஒன்று என்று அமைத்துவிட்டுத்தான் பல கருவிகள் வேலை செய்கின்றன. "அந்த ஃபைலை நாளைக்கு ரிவ்யூ பண்ணிடலாம்" போன்ற வாக்கியம் வரும்போது தடுமாறுகின்றன. உங்கள் உண்மையான மீட்டிங் ஒன்றை, எல்லோருடைய சம்மதத்தோடு, பத்து நிமிடம் பதிவு செய்து அதைக் கொடுத்துப் பாருங்கள். பெயர்கள், தேதிகள், 'இல்லை', 'வேண்டாம்' ஆகியவை சரியாக வருகின்றனவா என்று முதலில் கவனியுங்கள். ஒரு 'வேண்டாம்' விடுபட்டால் முடிவே தலைகீழாகிவிடும்.

தினேஷ்: எங்கள் அறைகளில் விண்டோஸ் கருவிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டுக்கு மாறலாமா?

பதில்: முதலில் இருப்பதைக் கணக்கெடுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். அதற்கும் பழையது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

சிறிய அறைக்கு, கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் ஒன்றாக உள்ள ஆண்ட்ராய்டு பார் போதும். கம்பிகள் குறைவு, பராமரிப்பும் எளிது. பல கேமரா, சீலிங் மைக், இரண்டு மூன்று திரை என்று பெரிதானால் நான் இன்னும் விண்டோஸ் பக்கம்தான். ஆண்ட்ராய்டில் என் பழைய கவலை, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் வரும் என்பது. மைக்ரோசாஃப்ட் இப்போது எம்டெப் என்ற பெயரில் ஆண்ட்ராய்டை அடிப்படையாக வைத்து ஒரு பொதுத் தளம் தந்திருப்பதும் இதற்காகத்தான். எதை வாங்கினாலும், எந்த வருடம் வரை அப்டேட் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: மீட்டிங் அறைகளில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸை ஓட்டுவதற்கான டீம்ஸ் ரூம்ஸ் பேசிக் உரிமம் 25 அறைகள் வரை இலவசம். சிறிய நிறுவனங்களுக்கு இது தெரியாமலே போகிறது.

மீனா: எனக்குக் காது கேட்கும் கருவி உண்டு. மீட்டிங் அறையில் உட்கார்ந்தால் பாதி புரிவதில்லை. எனக்காக அங்கே ஏதாவது இருந்ததா?

பதில்: இருந்தது, மீனா. உங்கள் கேள்விக்கு நன்றி, இதை யாரும் கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று நினைத்தேன். ஆராகாஸ்ட் என்பது 2022ல் பெயரிடப்பட்ட ப்ளூடூத் ஒலிபரப்பு முறை. அறையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்தால், எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் கருவியிலேயே நேரடியாகக் கேட்கலாம். ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக வந்து எதிரொலியோடு கலக்கும் பிரச்சினை இதில் இல்லை.

உங்கள் கருவி ஆராகாஸ்ட்டைப் பெறுமா என்று உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். பெறாவிட்டால், அதில் டெலிகாயில், அதாவது ஒலியைக் காந்தப்புலம் வழியாகப் பெறும் சிறு கம்பிச்சுருள், இருக்கிறதா என்று பாருங்கள். டெலிகாயில் இருந்தால், அறையைச் சுற்றிக் கம்பி ஓட்டும் பழைய லூப் முறையே நன்றாக வேலை செய்யும். அலுவலகத்தில் ஆராகாஸ்ட் போட்டால், கடவுச்சொல் வைத்த ஒலிபரப்பாக அமைக்கச் சொல்லுங்கள். அலை சுவரோடு நிற்காது, பக்கத்து அறையிலும் கேட்கும். ஒன்று மறக்க வேண்டாம்: அறைக்குள் பேசுபவரின் குரலும் மைக் வழியாக அந்த ஒலிபரப்பில் சேர வேண்டும். இல்லையென்றால் தூரத்திலிருந்து சேர்பவரின் குரல் மட்டும் உங்களுக்குக் கேட்கும், பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்காது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சரவணன்: லேப்டாப்புக்கு ஒரே யூஎஸ்பி-சி கேபிள் போதும் என்கிறார்கள். எங்கள் மேசையிலிருந்து டிவி 9 மீட்டர்.

பதில்: சாதாரண கேபிள் அவ்வளவு தூரம் தாங்காது. பழைய யூஎஸ்பி 2.0க்கே 5 மீட்டர்தான் வரம்பு, வேகம் கூடக் கூடத் தூரம் குறையும். ஆப்டிகல் கேபிள் அல்லது தூரத்தை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர் கருவி வாங்குங்கள். படம், கேமரா, சார்ஜ் மூன்றும் அந்த ஒரே கேபிளில் வருமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சில கேபிள்களில் சார்ஜ் ஏறாது.

ஹரி: நாங்கள் பயன்படுத்துவது டீம்ஸ், வாடிக்கையாளர் ஜூம். அவர்கள் மீட்டிங்கில் எங்கள் அறையிலிருந்து எப்படிச் சேர்வது?

பதில்: அறைக் கருவியிலிருந்தே மற்றதில் விருந்தினராகச் சேரும் வசதி இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். எல்லா வசதியும் கிடைக்காது, பேசவும் பார்க்கவும் போதும்.

கவிதா: மறுபடியும் நான்தான். அடுத்த ஐஎஸ்இக்குப் போக நினைக்கிறேன். என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்?

பதில்: உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம் எழுதிய தாள் ஒன்று, நான்கு மூலையிலிருந்தும் எடுத்த படம், அறையின் நடுவில் கை தட்டிப் பதிவு செய்த ஒலி. இவற்றைக் காட்டினால் ஸ்டாலில் இருப்பவர் விற்பனைப் பேச்சை விட்டுவிட்டு உங்கள் அறையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். சொந்த ஹெட்ஃபோனும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் காதுக்குப் பழகியதில் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். அப்புறம் நடக்கப் பழகிய பழைய ஷூ. வளாகம் மிகப் பெரியது.