பூம்புகார் பக்கம், ரங்கூன் தூரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பொங்கலுக்குக் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வீடு பார்க்க வெளியூர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். முகப்பில் உட்கார்ந்திருந்த அப்பத்தா (வயது 88) அவர்களிடம், "இது ஆயிரம் வருஷத்து வீடு" என்றார். நிலைக்கு மேலே சுதையில் 1911 என்று இருக்கிறது. அதைக் காட்டி நான் திருத்தினேன். அப்புறம் அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

இன்னொன்று. எங்கள் நகரத்தார் முன்னோர் பூம்புகாரை விட்டு வந்த கதையை நேற்று நடந்த மாதிரி சொல்கிறவர், அவருடைய அப்பச்சி (அப்பா) பர்மாவிலிருந்து நடந்தே வந்ததைக் கேட்டால் "அதெல்லாம் அந்தக் காலம்" என்று எழுந்து உள்ளே போய்விடுகிறார். நான் திருத்தியது தப்பா?

மெ., காரைக்குடி

அன்புள்ள மெ.,

திருத்தியது தப்பில்லை. வந்தவர்கள் முன்னால் திருத்தியதுதான் தப்பு. அதற்கு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆயிரம் என்பதை நம் பேச்சில் யாரும் எண்ணிச் சொல்வதில்லை. மதுரையில் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களை எண்ணினால் 985தான் வரும். அப்பத்தா வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அந்த வீடு பழசு. தன் நினைவு எட்டாத இடத்தில் தொடங்கிய ஒன்றுக்கு அவர் மரியாதையாக ஒரு எண் சொல்கிறார். அதே எண்ணைப் பலகையில் எழுதிச் சுற்றுலாக்காரர்களுக்கு மாட்டினால் நானும் சண்டைக்கு வருவேன். பேச்சு வேறு, பலகை வேறு.

நாம் வருஷம் சொல்லும் முறையையும் யோசித்துப் பாருங்கள். 1911 விரோதிகிருது வருஷம். 1851உம் விரோதிகிருது, 1971உம் விரோதிகிருது. அறுபதுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வருகிற கணக்கில் வளர்ந்தவர்களுக்கு 'எத்தனை வருஷத்துக்கு முன்னால்' என்ற கேள்வியே அன்னியம். யார் கட்டியது, யார் கல்யாணத்துக்கு முன்னால் கட்டியது என்று கேட்டால் பிசகாமல் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது இரண்டாவது பத்திதான். செட்டிநாட்டில் பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்துவிட்டது, பக்கத்தில் இருப்பது தூரத்துக்குப் போய்விட்டது. சோழ ராஜா பெண்ணைச் சிறையெடுத்தது, மானத்துக்காகக் குடும்பம் குடும்பமாக உயிரை விட்டது, மரகத விநாயகர் பூசை நிற்கக் கூடாதென்று ஆண்பிள்ளைகள் 1502 பேரைக் குருவிடம் ஒப்படைத்தது என்று ஒரு தலை குறையாமல் சொல்வார்கள். மரபுக் கணக்குப்படி நகரத்தார் இளையாத்தங்குடிக் கோயிலைப் பெற்றது கி.பி. 707. அதற்கும் முந்திய துக்கத்தைச் சொல்லும்போது இன்றைக்கும் குரல் கம்முகிறது. ஆனால் 1942, ஜப்பான் படைக்குத் தப்பிச் சொந்த அப்பச்சி நடந்து வந்த வருஷம், 'அந்தக் காலம்' ஆகிவிடுகிறது.

நான் நினைக்கும் காரணத்தைச் சொல்கிறேன். பூம்புகார் கதையில் நமக்கு அநியாயம் நடந்தது. அதைத் தலைநிமிர்ந்து சொல்லலாம். பர்மாக் கதையில் இழப்போடு கடனும் கலந்திருக்கிறது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடுதான் செட்டியார் வட்டிக்கடைகள் கையில் இருந்தது. 1938இல் அது சுமார் 25 விழுக்காடு. நடுவில் நெல் விலை சரிந்து, வட்டி கட்ட முடியாமல், அடமானம் வைத்த வயல்கள் கடைக்கு வந்து சேர்ந்தன. கடைக்காரர்கள் கேட்டது பணம், நிலம் இல்லை. அது உண்மை. வயலை விட்டவன் பட்டினி கிடந்தான் என்பதும் உண்மை. உங்கள் வீட்டுத் தேக்குத் தூண்கள் அந்த மண்ணிலிருந்து வந்தவை. வீட்டுக்கு ஆயிரம் வயது என்று ஆகிவிட்டால் அதற்கு ரங்கூனோடு உறவே இல்லாமல் போய்விடுகிறது. அப்பத்தா தெரிந்து இதைச் செய்யவில்லை. ஆனால் நாம், படித்தவர்கள், 'பாரம்பரியம்' என்ற சொல்லைப் போர்த்தித் தெரிந்தே செய்கிறோம். எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான்.

என் ஐயா (தாத்தா) ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைசிப்படி வேலையாளாகப் போய், கடைத் தலைவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக ஆனவர். அவர் கொண்டுவந்த பேரேடு ஒன்று என்னிடம் இருக்கிறது. தோல் அட்டை, ஓரம் கறையான் தின்றது. பக்கத்துக்குப் பக்கம் 'மவுங்' என்றும் 'மா' என்றும் தொடங்கும் பர்மியப் பெயர்கள், நம் ஐயா கையெழுத்தில், தமிழில். பெயருக்கு நேரே தொகை, வட்டி, சில இடங்களில் ஏக்கர். ஒரு பெண் பெயருக்கு எதிரே மட்டும் 'மழைக்கு அப்புறம் தருவதாகச் சொன்னது' என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். கடைசிப் பதிவு விஷு வருஷம் மார்கழி முதல் வாரம். 1941 டிசம்பர் 23 ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த தாளெல்லாம் வெறும் தாள்.

அந்தப் பென்சில் வரியைப் பற்றி ஐயாவிடம் நான் கேட்டதே இல்லை. அவர் இருந்தபோது எனக்கு வயது 19. பூம்புகார் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது பர்மாவைப் பற்றி என்று கேட்காதீர்கள், எழுந்து போய்விடுவார். அப்பச்சி வீடு வந்து சேர்ந்த அன்றைக்கு அவர் காலில் என்ன செருப்பு இருந்தது, ஆத்தா முதலில் என்ன பரிமாறினார்கள் என்று கேளுங்கள். அப்போது அப்பத்தாவுக்கு நாலைந்து வயதுதான் இருக்கும், ஆனால் அந்த வயதில் பார்த்தது மறக்காது. நடந்த வழியின் பெயர்கள் தானாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பேரேட்டின் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன். பழைய தமிழ் எண்ணும் பின்னக் குறிகளும் சில இடங்களில் எனக்குப் பிடிபடவில்லை. அப்பத்தாவிடம் காட்டிப் பாருங்கள், அந்தத் தலைமுறை ஆச்சிமார் பலருக்கு அது சரளம். அவர் வாசித்துச் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.